ஒரே கூட்டம், மூன்று பேர், மூன்று கணக்கு: கண்மதிப்பு எங்கே பிசகுகிறது?

ஏரிக்கரை (கேள்வி)

வணக்கம். ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் புதியவர்களைப் பழக்குகிறோம். பறவை அடையாளம் ஓரளவு எல்லாருக்கும் வந்துவிட்டது. எண்ணிக்கைதான் இடிக்கிறது. ஒரே கரை, ஒரே நேரம், ஒரே கிளுவை (சிறிய வாத்து) கூட்டம். மூன்று பேர் எழுதியது 350, 500, 800. இதில் எதை மேலே அனுப்புவது?

கேட்க நினைப்பவை இவை. மூன்று நான்கு பறவை என்றால் யாரும் எண்ணுவதே இல்லை, பார்த்ததும் வாயில் வந்துவிடுகிறது. ஆறு ஏழு ஆனதும் ஏன் தடுமாற்றம்? பெரிய கூட்டத்தை ஏன் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறோம்? கலப்புக் கூட்டத்தில் ஊசிவால் வாத்தை எண்ணினால் கிளுவை விட்டுப்போகிறது, கிளுவையை எண்ணினால் ஊசிவால் விட்டுப்போகிறது; இதற்கு என்ன வழி? ஸ்கோப்பை (தாங்கியில் வைக்கும் தொலைநோக்கி) நகர்த்தும்போது எண்ணியதையே மறுபடி எண்ணாமல் இருப்பது எப்படி?

"பழகப் பழக வந்துவிடும்" என்ற பதில் வேண்டாம். எதை, எவ்வளவு நேரம், எப்படிச் சரிபார்த்துப் பழகுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

புளியங்கொட்டை

உங்கள் முதல் கேள்விக்கு 1871-லேயே ஒருவர் அவரை விதையை வைத்துப் பதில் சொல்லிவிட்டார். ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர். கறுப்புத் தட்டின் நடுவே வெள்ளைத்தாள் ஒட்டிய சிறிய வட்டப் பெட்டி. கறுப்பு அவரை விதைகளை அதை நோக்கி எறிவார். சில உள்ளே விழும், சில வெளியே போகும். உள்ளே எத்தனை விழும் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. விதைகள் அசைவு நின்ற கணத்தில் எண்ணாமல் ஓர் எண்ணைச் சொல்லி, பிறகு எண்ணிப் பார்த்து எழுதினார். மொத்தம் 1027 முறை. 3, 4 விழுந்தபோது ஒருமுறைகூடத் தப்பவில்லை. 5 விழுந்த 107 முறையில் 102 சரி. 10 வரும்போது பாதிக்குமேல் தவறு.

வீட்டில் ஒரு தாம்பாளமும் ஒரு பிடி புளியங்கொட்டையும் இருந்தால் இதையே செய்து பார்க்கலாம். ஆளுக்கு ஐம்பது முறை எறிந்தால் போதும், அவரவர் எல்லை எங்கே என்று அவரவருக்கே தெரிந்துவிடும். பெரும்பாலோருக்கு 4, சிலருக்கு 3 அல்லது 5. (பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வோமே, அங்கே யாரும் குனிந்து எண்ணுவதில்லை. ஆறு சேர்ந்தால்தான் பசு என்றிருந்தால் ஆட்டத்துக்கு ஆட்டம் சண்டைதான் நடந்திருக்கும்.)

ஏன் நான்கு? இடத்தால் பிரிந்து நிற்கும் பொருள்களில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கைத்தான் நம் கவனம் தனித்தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். கவனத்துக்கு நான்கு விரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பொருளுக்குள் என்றால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு விரல். எத்தனை விரல் மாட்டியிருக்கிறது என்பதே விடை. சோதனைக்கூடத்தில் நேரம் அளந்து பார்த்தால், இந்த எல்லைக்குள் ஒரு பொருள் கூடினால் விடை சொல்ல 40 முதல் 100 மில்லிவிநாடிதான் கூடும். எல்லை தாண்டினால் ஒவ்வொரு பொருளுக்கும் 250 முதல் 350 மில்லிவிநாடி. கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவக்கூடியது என்பதோடு இதைப் பொருத்திப் பாருங்கள். பிடித்த விரலை விடுவித்து அடுத்ததில் வைக்க வேண்டும், எதை விட்டோம் என்று நினைவில் வைக்க வேண்டும், எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். மூன்று வேலையும் ஒரே ஆளுக்கு.

இதே நான்கு, நகரும் பொருளுக்கும் பொருந்தும். திரையில் ஒரே மாதிரி அலையும் புள்ளிகளில் சிலவற்றை மட்டும் கண்ணால் தொடரச் சொன்னால் நான்கைந்துக்கு மேல் போனதும் கோட்டை விடுகிறோம். 1988-இல் பிலிஷினும் ஸ்டார்மும் செய்து காட்டியது. மூழ்கி எழும் பறவைகளை எண்ணுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

கண்மதிப்பு இதிலிருந்து வேறான வேலை. பெரிய கூட்டத்தைப் பார்க்கும்போது நாம் ஒவ்வொன்றாகப் பிடிப்பதில்லை. பரப்பு மொத்தத்தையும் ஒரே பார்வையில் வாங்கி 'இவ்வளவு' என்கிறோம். 2010-இல் பர், டூரி, அனோபிலே மூவரும் வெளியிட்ட சோதனையில், பார்ப்பவரின் கவனத்தை இன்னொரு வேலையில் இழுத்துவிட்டபோது, 4-க்குள் இருந்த துல்லியம் நன்றாகவே அடிபட்டது. பெரிய எண்களின் கண்மதிப்பு அவ்வளவாக மோசமாகவில்லை. கவனம் சிதறினால் முதலில் கெடுவது ஒவ்வொன்றாக எண்ணுவதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்மதிப்பின் பிழை எண்ணுக்குத் தக்கபடி வளரும். 20-இல் 3 தப்பினால் 200-இல் 30 தப்பும். ஆகவே பிழையை 'எத்தனை பறவை' என்று பேசாமல் 'எத்தனை பங்கு' என்று பேசுங்கள்.

குறைத்துச் சொல்வதற்குக் காரணம், கண்ணில் படும் 'நிறைய' என்ற உணர்வு எண்ணோடு சமமாக ஏறுவதில்லை. எண் பத்து மடங்கானால் உணர்வு பத்து மடங்காகாது. கணக்கில் சொன்னால், உணர்வு எண்ணின் ஓர் அடுக்காக (பவர்) ஏறுகிறது, அந்த அடுக்கு 1-க்குக் கீழே. 0.8 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 100-ஐச் சரியாக 100 என்பவர் 1000-ஐ 630 என்பார், 10,000-ஐ 4000-க்குச் சற்றுக் குறைவாகச் சொல்வார். அடுக்கு ஆளுக்கு ஆள் மாறும், திசை பெரும்பாலும் மாறாது.

நல்ல செய்தி, இந்த அளவுகோலை நகர்த்த முடியும். இஸார், தஹேன் இருவரும் 2008-இல் வெளியிட்ட சோதனையில் 30 புள்ளி உள்ள ஒரு படத்தைக் காட்டி, அதை 30 என்று சிலரிடமும், 25 என்றும் 39 என்றும் வேறு சிலரிடமும் சொன்னார்கள். அந்த ஒரே படத்தால் அதன்பின் வந்த எல்லா மதிப்பீடும், 30-ஐவிட மிகப் பெரியவையும் சேர்த்து, அந்தந்தப் பக்கம் சாய்ந்தன. அதாவது கரையில் ஒரே ஒரு முறை உண்மையாக எண்ணிய பத்தோ ஐம்பதோ, மீதிக் கூட்டம் முழுவதையும் நேராக்கும். பக்கத்தில் நிற்பவர் வாய்தவறிச் சொன்ன "ஐந்நூறு இருக்கும்பா" முழுவதையும் கோணலாக்கும். யாரும் சத்தமாகச் சொல்லாமல் முதலில் தாளில் எழுத வேண்டும் என்ற விதியை இன்றே போடுங்கள்.

---

பவளக்காலி

மேலே சொன்னது காரணம். நான் கரையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஸ்கோப்பில் கண் வைக்கும் முன் வெறுங்கண்ணால் பாருங்கள். கூட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் என்ன குறி இருக்கிறது (பட்டுப்போன கருவேலம், மீன்வலைக் குச்சி, கரண்ட் கம்பம்) என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கோப்புக்குள் போனபிறகு எல்லாக் கிளுவையும் ஒரே கிளுவைதான். குச்சி மட்டும்தான் வழி சொல்லும்.

100-க்குள் இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணுங்கள், கட்டம் வேண்டாம். 100-இலிருந்து 1000 வரை, கட்டத்துக்கு 10 அல்லது 20 பறவை. அதற்கு மேல் கட்டத்துக்கு 50 அல்லது 100. கட்டம் கட்டுவது இப்படி: 10 பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அவை பிடிக்கும் இடத்தைக் கண்ணில் பதியுங்கள். அதே அளவை ஒட்டி இன்னொன்று, இருபது. இப்படியே 50 வரை போய், அங்கே நின்று, அந்த ஐம்பதை மறுபடி ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இந்தக் கடைசி அடியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். 50 என்று நினைத்தது எண்ணினால் 62 ஆக இருக்கும். அந்தப் பன்னிரண்டு, கூட்டம் முழுவதும் பெருகிப் போயிருக்கும்.

கட்டத்தை எங்கே எடுக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். கண் தானாக ஓரத்துக்குப் போகும். ஓரத்தில் பறவைகள் விலகி நிற்கும், ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும், எண்ண வசதி. நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதை எண்ண எரிச்சல் வரும். ஓரத்தில் எடுத்த கட்டத்தை நடுவிலும் பரப்பினால் என்ன ஆகும்? வலைக்குச்சி இடைவெளியை அளவாக வைத்துக்கொள்வோம். நெரிசலான இடத்தில் ஓர் இடைவெளிக்கு 50, விலகிய இடத்தில் 20. கூட்டம் 12 இடைவெளி நீளம். 7 நெரிசல், 5 விலகல். சரியான கணக்கு 350 + 100 = 450. ஓரத்துக் கட்டத்தை மட்டும் எடுத்தவர் 240 எழுதுவார், நடுக்கட்டத்தை மட்டும் எடுத்தவர் 600. இரண்டு பேரும் ஒழுங்காகப் பெருக்கியிருக்கிறார்கள், இரண்டு பேர் கண்ணும் நல்ல கண்தான். ஆகவே எப்போதும் இரண்டு கட்டம், நெரிசலுக்கு ஒன்று, விலகலுக்கு ஒன்று.

அடுத்தது நிற்கும் உயரம். கரை ஓரத்தில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர், பறவை 30 செ.மீ. உயரம், 200 மீட்டர் தள்ளி நிற்கிறது. அதற்கு நேர் பின்னால் 10 மீட்டரில் அதே உயரப் பறவை நின்றால், முன்னதின் தலைக்கு மேலே ஆறரை செ.மீ.தான் தெரியும். வெறும் உச்சந்தலை. 5 மீட்டர் உயர ஏரிக்கரை மேலே ஏறி நின்றால் அதே பறவை கால்வரை முழுசாகத் தெரியும். கீழே நின்றவர் எழுதியதையும் மேலே நின்றவர் எழுதியதையும் ஒப்பிட்டு 'கண்மதிப்பு சரியில்லை' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. இருவரும் பார்த்தது வேறு வேறு கூட்டம்.

ஸ்கோப் நகர்த்துவதில் மூன்று விஷயம். ஜூமைக் குறைத்தே வையுங்கள், 20 போதும். 60-க்குப் போனால் ஒரு பார்வைக்குள் குறி எதுவும் இருக்காது, வழி தவறும். வட்டத்தின் நடுவில் இருப்பதை மட்டும் எண்ணுங்கள், ஏனென்றால் பார்வை ஓரத்தில் நெருங்கி நிற்பவை இருப்பது தெரிந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாது. கூட்டம் ஒரு பக்கமாக நீந்தினால் அதற்கு எதிர்ப்பக்கமாக ஸ்கோப்பை நகர்த்துங்கள். எண்ணி முடித்தவை பின்னால் போய்விடும், முந்தி வந்து மறுபடி மாட்டாது. கட்டத்தின் எல்லைக் கோட்டில் நிற்கும் பறவைக்கு ஒரு விதி: இடது எல்லையைத் தொட்டால் சேர், வலது எல்லையைத் தொட்டால் விடு. ரத்த அணு எண்ணும் லேபில் நியூபவர் சேம்பர் என்ற கட்டக்கோடு போட்ட கண்ணாடிக்கு இதே விதிதான், அங்கே மேல்கோடும் இடதுகோடும் சேர்த்தி, கீழும் வலதும் விலக்கு.

முக்குளிப்பானையும் நீர்க்காகத்தையும் பெரிய கட்டத்தில் போடாதீர்கள். எந்தக் கணத்திலும் சில தண்ணீருக்கு அடியில் இருக்கும். எது மூழ்கியது, எது எழுந்தது என்று நான்குக்கு மேல் தொடர முடியாது. சிறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மூன்று முறை வேகமாக எண்ணி, வந்ததில் பெரிய எண்ணை எழுதுங்கள். சராசரி போடக் கூடாது.

கலப்புக் கூட்டத்துக்கு: இனம் பார்க்காமல் முதலில் மொத்தம். பிறகு விகிதம். கூட்டத்தின் நீளத்தில் பத்து இடத்தில் ஸ்கோப்பை நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் நடுவில் இருக்கும் 20 பறவையை இனம் பிரித்துக் குறியுங்கள். எங்கே நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்யுங்கள், 'ஒவ்வொரு குச்சியிலும்' என்பது போல. கண்ணுக்கு விட்டால் அழகான ஆண் ஊசிவால் நிற்கும் இடமாகப் பார்த்து நிற்கும். 200-இல் 60 ஊசிவால் என்றால் 30 சதவீதம். மொத்தம் 2000 என்றால் 600. இந்த 30 என்பது எப்படியும் ஆறு ஏழு சதவீதப் புள்ளி முன்னே பின்னே போகும். அதாவது 470-இலிருந்து 730-க்குள். இனங்கள் கும்பல் கும்பலாகப் பிரிந்து நின்றால் இன்னும் அகலமாகும், அப்போது இருபது இடத்தில் நிறுத்த வேண்டும்.

---

கிளிக்கர்

பவளக்காலி சார் சொன்னதோடு ஒன்று, வாய்க்கணக்கு பற்றி.

தமிழில் எண் பெயர் நீளம். 'இருநூற்று நாற்பத்தெட்டு' என்று மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் கண் நாலு பறவை தாண்டிப் போயிருக்கும். எண்ணும்போது கண் ஒரு வேகம், வாய் ஒரு வேகம். வாய் பின்தங்கினால் ஒன்று பறவை விடுபடும், இல்லை எண் விடுபடும். நூறைத் தாண்டியதும் தப்பு ஏறுவது பெரும்பாலும் இதனால்தான், கண்ணால் இல்லை. அதனால் 'ஒண்ணு, ரெண்டு... பத்து', ஒரு கிளிக். மறுபடி ஒண்ணு. கையில் அழுத்தும் டாலி கவுண்டர் சாதாரண விலைக்கே கிடைக்கிறது. அழுத்தும் விரல் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும், மண்டைக்கு வேலை குறையும். நெல் அளப்பவர் 'லாபம், ரெண்டு, மூணு' என்று ராகம் போட்டுச் சொல்வதை மங்கலத்துக்கு என்பார்கள். அந்த ராகமே ஒரு மரக்காலும் தவறாமல் பிடித்துவைக்கும் கயிறு என்றுதான் எனக்குப் படுகிறது.

எண்ணுபவர் பக்கத்தில் யாரும் எண் சொல்லக் கூடாது. மணி கேட்பது, போன் நம்பர் சொல்வது எல்லாம் சேர்த்திதான். மற்றப் பேச்சைவிட எண்தான் வாய்க்கணக்கை உடனே குழப்பும்.

இன்னொன்று. எண்ணிக்கொண்டிருப்பவரை 'வேற ஏதும் அபூர்வம் இருந்துச்சா?' என்று கேட்காதீர்கள். பந்து கைமாறுவதை எண்ணச் சொல்லிவிட்டு நடுவில் கொரில்லா வேடத்தில் ஆளை நடக்கவிட்ட சோதனை தெரிந்திருக்கும், 1999-இல் சைமன்ஸ், சாப்ரி செய்தது. பார்த்தவர்களில் பாதிப் பேருக்குக் கொரில்லா கண்ணில் படவில்லை. 2013-இல் நுரையீரல் சிடி ஸ்கேனில் சிறு கொரில்லாப் படத்தை ஒட்டிவைத்தபோது 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் பார்க்கவில்லை. தேடச் சொன்ன கட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிளுவையை எண்ணுபவர் கண்ணில் கூட்டத்து நடுவே நிற்கும் ஒற்றைப் புதிய வாத்து படாது. அலட்சியம் என்று திட்டுவதில் பயனில்லை. அதற்கென்று தனியாக ஒரு சுற்று, எண்ணாத ஒருவர்.

அந்தச் சுற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. தேடும் பொருள் எப்போதாவது மட்டும் வந்தால் கண் சீக்கிரம் 'இல்லை' என்று சொல்லிவிடும். 2005-இல் உல்ஃப் குழுவினர் காட்டியது: பாதிப் படங்களில் இலக்கு இருந்தபோது தவறவிட்டது 7 சதவீதம், நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். ஆளை மாற்றி இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

---

கட்டம்_போடுகிறவன்

பயிற்சிக்கு நாள்கணக்காகக் கரையில் நிற்கத் தேவையில்லை. போட்டோ போதும்.

உங்கள் ஏரியில் எடுத்த கூட்டப் படங்கள் ஒரு நாற்பது சேருங்கள், 30 பறவையிலிருந்து 2000 வரை கலந்து. ஒருவர் முன்பே எண்ணி வைக்க வேண்டும். டாட் டாட் கூஸ் என்று அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்ட இலவச மென்பொருள் இருக்கிறது. பறவைக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனால் இனவாரியாகக் கூட்டிச் சொல்லும். இமேஜ்ஜே என்ற இன்னொரு மென்பொருளில் உள்ள பலபுள்ளிக் கருவியும் புள்ளி வைத்து எண்ண உதவும். படத்தின் மேல் கட்டக்கோடு போட்டு ஒவ்வொரு கட்டமாக முடியுங்கள், இல்லையென்றால் மென்பொருளிலும் கண் தாவும்.

பிறகு ஒரு நாளைக்குப் பத்து படம், பத்து நிமிடம், இரண்டு வாரம். படத்தை 3 விநாடி காட்டி மறையுங்கள்: தாளில் ஓர் எண். அதே படத்தை 30 விநாடி காட்டுங்கள்: கட்டம் போட்டு இன்னோர் எண். அதன்பிறகு உண்மை எண்ணைச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் உடனுக்குடன் சொல்ல வேண்டும். கடைசியில் மொத்தமாகச் சொன்னால் அளவுகோல் நகராது.

எழுதியதை உண்மையால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் எப்போதும் 0.7-ஐ ஒட்டியே இருப்பவர் ஒரு ரகம். ஒரு படத்தில் 0.6, அடுத்ததில் 1.5 என்று துள்ளுபவர் இன்னொரு ரகம். முதல் ஆளின் அளவுகோல் சிறியது, உண்மை எண்ணைச் சொல்லச் சொல்லச் சில நாளில் நேராகிவிடும். இரண்டாவது ஆளுக்கு அளவுகோலே இல்லை. அவருக்கு 10-கட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வெறும் கண்மதிப்புப் பயிற்சி கொடுத்துப் பிரயோசனமில்லை. இரண்டு ரகத்தையும் ஒரே வகுப்பில் ஒரே பயிற்சியில் போட்டால் இரண்டாவது ஆள் சலித்துக் கிளம்பிவிடுவார்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: 'இவருக்கு 0.7, ஆகவே எழுதியதை 1.4-ஆல் பெருக்குவோம்' என்று தாளைத் திருத்துவது. பழகப் பழக அவர் விகிதம் மாறிக்கொண்டே இருக்கும், திருத்தம் மாறாது. எழுதியது எழுதியபடி போகட்டும்.

படம் தேர்ந்தெடுக்கும்போது கண்ணை ஏமாற்றும் அமைப்புகளையும் சேர்த்து வையுங்கள். சீரான இடைவெளியில் நிற்கும் ஆலாக்கள் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அதே எண்ணிக்கை கொத்துக் கொத்தாக நின்றால் குறைவாகத் தெரியும். உடலோடு உடல் ஒட்டிக் கோடுபோல இணைந்து நிற்கும் பூநாரைகள் இன்னும் குறையும். புள்ளிகளை இரண்டிரண்டாகக் கோட்டால் இணைத்தாலே பார்ப்பவர் குறைத்துச் சொல்வது சோதனைகளில் நன்றாகவே நிறுவப்பட்ட விஷயம். கண் இணைந்ததை ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறது. பூநாரையில் காலைப் பார்த்துக் குழம்பாமல் கழுத்தை எண்ணச் சொல்லுங்கள். தலை தண்ணீருக்குள் இருந்தாலும் கழுத்து வளைவு தனியாகத் தெரியும்.

முன்னால் பார்த்ததும் பின்னால் பார்ப்பதைக் கெடுக்கும். நெருக்கமான கூட்டத்தை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு அடுத்து விலகி விலகி நிற்கும் ஒரு கூட்டத்தைப் பார்த்தால் அது இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும். 2008-இல் பர், ராஸ் இருவரும் புள்ளிகளை வைத்துக் காட்டியது இது. வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் நுழைந்த கண் மாதிரி. ஏரியின் பெரிய கூட்டத்தை எண்ணி முடித்த கையோடு பக்கத்துக் குட்டைக்கு ஓடாதீர்கள். தண்ணீர் குடியுங்கள், நோட்டை எழுதுங்கள், அங்கே போய் முதலில் ஒரு பத்தை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.

நிறமும் உண்டு. வெள்ளைக் கொக்கு கண்ணை இழுக்கும், சேற்று நிற உள்ளான் இழுக்காது. சேற்றுத்திட்டில் 'கொக்கு நிறைய, உள்ளான் கொஞ்சம்' என்று எழுதிய தாள் வந்தால் உள்ளான் எண்ணிக்கையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

போட்டோவே இறுதித் தீர்ப்பு என்றும் நினைக்க வேண்டாம். பின்வரிசை மறைவு போட்டோவிலும் அப்படியேதான் இருக்கும். பக்கவாட்டில் வரிசையாக எடுத்த படங்களில் ஓரம் ஒன்றின்மேல் ஒன்று விழும், அங்கே இருப்பவை இரண்டு முறை எண்ணப்படும். எடுப்பதற்கு இடையில் கூட்டம் நகர்ந்தால் பனோரமா முழுவதும் வீண். பறக்கும் கூட்டத்துக்கு மட்டும் போட்டோவை நம்பலாம். வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் ஒவ்வொன்றும் பிரிந்து தெரியும்.

---

ஏரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சின்னக் கேள்வி. 350, 500, 800 மூன்றில் கடைசியில் என்ன எண் எழுதுவது? சராசரி 550 வருகிறது. ஈபேர்டில் (பறவைப் பதிவுகளை ஏற்றும் இணையதளம்) எண் போடாமல் வெறும் 'எக்ஸ்' குறி போட்டுவிடலாமா? தப்பான எண் போவதைவிட அது மேல் அல்லவா?

---

புளியங்கொட்டை

'எக்ஸ்' வேண்டாம். அது 'இருந்தது' என்று மட்டும் சொல்லும். 5 கிளுவைக்கும் 5000 கிளுவைக்கும் ஒரே குறி. முன்னே பின்னே இருந்தாலும் எண் இருந்தால் அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியும்.

சராசரிக்கு, பிழை மடங்குக் கணக்கில் வருவதால் கூட்டி வகுப்பதைவிடப் பெருக்கி மூலம் எடுப்பது பொருத்தம். 350 × 500 × 800 = 14 கோடி; அதன் கனமூலம் 519. கூட்டல் சராசரி எப்போதும் பெரிய எண்ணின் பக்கம் சாயும். 519 என்று எழுதாதீர்கள், ஒவ்வொன்றாக எண்ணியதுபோல் ஆகிவிடும். 520 எழுதி, குறிப்பில் 'மூவர், கண்மதிப்பு, 350 முதல் 800' என்று சேருங்கள்.

---

பவளக்காலி

சராசரி போடும் முன் மூவரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: கட்டத்தைக் கூட்டத்தின் எந்தப் பகுதியில் எடுத்தீர்கள், எங்கே நின்றீர்கள். 350 எழுதியவர் ஓரத்தில் கட்டம் எடுத்திருந்தாலோ, தண்ணீர் விளிம்பில் நின்றிருந்தாலோ அந்த எண்ணைச் சராசரியில் சேர்க்காதீர்கள். கூட்டம் இன்னும் அங்கேயே இருந்தால் கரைமேல் ஏற்றி மறுபடி எண்ண விடுங்கள். 800 எழுதியவர் நெரிசலில் மட்டும் கட்டம் எடுத்திருந்தால் அவருக்கும் அதேதான். இரண்டாம் முறை எழுதும்போது முதல் தாளை மடித்துப் பையில் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கண் புதிதாகப் பார்க்காது.